முழுக் காப்பும் கூடுதல் காப்பும்: வீட்டுக் கணினிக்கு ஒரு பாஸ்புக்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுனில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். 1809-இல் பிரிட்டிஷாரின் தண்டு அமைந்த பின்னர், ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றின் வீடு அது. தந்தை சிறு அளவில் திருமணச் சமையல் ஒப்பந்தத் தொழில் நடத்துகிறார். அவருடைய ஜி.எஸ்.டி. கணக்குகள், வங்கி அறிக்கைகள், வருமான வரிப் படிவங்கள் யாவும் கூடத்திலுள்ள கணினியில் இருக்கின்றன. பாட்டியின் பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்த படங்களும், காலமான தாத்தா தாம் ஆம்பூரிலிருந்து வந்த கதையைத் தம் குரலிலேயே சொல்லியிருக்கும் ஒலிப்பதிவும் அதே கணினியில்தான் உள்ளன.

இக்குடும்பம் அசட்டையான குடும்பம் அன்று. வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, காப்பு நகல் எடுக்கும் மென்பொருளையும் நிறுவி, நாள்தோறும் இரவில் அது தானே இயங்குமாறு அமைத்திருந்தது. சில மாதங்களில் டிஸ்க் நிரம்பியது. உறவினர் திருமண வீடியோவைச் சேமிக்க இடம் தேவைப்பட்டது. மகன் டிஸ்க்கைத் திறந்து பார்த்தான். 180 ஜிபி அளவுள்ள பழைய கோப்பு ஒன்றும், ஒன்று அல்லது இரண்டு ஜிபி அளவில் புதிய கோப்புகள் பலவும் இருந்தன. ‘பழையது எதற்கு? புதியவைதாம் இருக்கின்றனவே’ என்று எண்ணிப் பெரிய கோப்பை அழித்தான். இரண்டு மாதம் கழித்துக் கணினியின் உள் டிஸ்க் பழுதடைந்தது. காப்பு நகலைத் திறக்க முயன்றபோது மென்பொருள் அந்தப் பழைய கோப்பைக் கேட்டது. தாத்தாவின் குரல் அந்தக் கோப்பில்தான் இருந்தது.

இவ்வீடு விளக்கத்துக்காக நாம் வரைந்துகொண்டது. ஆனால் இந்தத் தவறு எந்த வீட்டிலும் நேரக்கூடியது. காப்பு நகல் எடுக்காததால் வந்த இழப்பு அன்று அது; எடுத்த நகல் எவ்வகையானது என்று அறியாததால் வந்த இழப்பு. ‘முழுக் காப்பு’, ‘கூடுதல் காப்பு’ என்னும் இரண்டின் வேறுபாட்டை அறிந்திருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம். வங்கி வாடிக்கையாளருக்கு இவ்வேறுபாடு புதியதே அன்று. அவர் கையிலுள்ள பாஸ்புக்கே அதற்கு நல்ல விளக்கமாகும்.

பாஸ்புக் சொல்லும் பாடம்

பாஸ்புக்கின் முதல் வரியில் தொடக்க இருப்பு எழுதப்பட்டிருக்கும். அதன் பின் எவ்வளவு வரவு, எவ்வளவு பற்று என்பது வரிவரியாகப் பதியப்படும். தொடக்க இருப்பையும் அதன் பின் வந்த எல்லா வரிகளையும் வரிசையாகச் சேர்த்துக் கிடைப்பதே இன்றைய இருப்பு.

முழுக் காப்பு என்பது அந்தத் தொடக்க இருப்பைப் போன்றது. ஒரு குறிப்பிட்ட நாளில் கணினியில் நீங்கள் தேர்ந்தெடுத்த கோப்புகள் அனைத்தையும், மாறியது மாறாதது என்று பாராமல், ஒன்றுவிடாமல் படியெடுப்பது அது. அந்த ஒரு நகல் மட்டும் இருந்தால் போதும். அந்த நாளின் நிலையை முழுமையாக மீட்டுக்கொள்ளலாம்.

கூடுதல் காப்பு என்பது அதன் பின் வரும் வரவு செலவு வரிகளைப் போன்றது. இதற்கு முந்தைய காப்பு எடுத்த பின் எந்தக் கோப்புகள் புதிதாக வந்தன, எவை மாறின என்று பார்த்து, அவற்றை மட்டும் படியெடுக்கும். மென்பொருள்களில் இது ‘இன்கிரிமென்டல்’ என்ற பெயரில் காணப்படும். இன்கிரிமென்ட் என்றதும் ஆண்டுதோறும் வரும் சம்பள உயர்வு நம் நினைவுக்கு வரும். அந்த நினைவு தவறன்று. இன்கிரிமென்ட் தொகையை மட்டும் அறிந்தால் ஒருவருடைய சம்பளத்தைக் கூற முடியாது. அடிப்படைச் சம்பளத்தையும் அறிய வேண்டும். கூடுதல் காப்பும் அத்தகையதே. அடிப்படையான முழுக் காப்பு இல்லாமல் அது தனித்து நில்லாது.

மர்பி டவுன் வீட்டில் அழிக்கப்பட்டது அந்தத் தொடக்க இருப்பு. எஞ்சியவை வெறும் வரிகள்.

மூன்றாவது ஒரு வகை

பல மென்பொருள்களில் ‘டிஃபரன்ஷியல்’ என்ற மூன்றாவது வகையும் உண்டு. இதனை வேறுபாட்டுக் காப்பு எனலாம். கூடுதல் காப்பு, நேற்றைய காப்புக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுக்கும். வேறுபாட்டுக் காப்போ, கடைசி முழுக் காப்புக்குப் பின் மாறிய அனைத்தையும் ஒவ்வொரு முறையும் மீண்டும் எடுக்கும். நாள்தோறும் அன்றைய வரியை மட்டும் எழுதாமல், தொடக்க இருப்புக்குப் பின் நடந்த எல்லா வரவு செலவையும் தொகுத்துப் புதிய தாளில் எழுதிவைப்பது போன்றது இது. தாள் நாளுக்கு நாள் நீளும். ஆனால் கணக்கைச் சரிபார்க்கத் தொடக்க இருப்பும் கடைசித் தாளும் இருந்தால் போதும்.

இம்மூன்றையும் எண்களைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். உங்கள் கணினியில் 200 ஜிபி அளவுக்குக் கோப்புகள் உள்ளன என்றும், நாளொன்றுக்கு 2 ஜிபி அளவுக்குப் புதிய கோப்புகள் சேர்கின்றன அல்லது மாறுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஞாயிறு முதல் சனி வரை ஒரு வாரக் கணக்கு பின்வருமாறு அமையும்.

நாள்தோறும் முழுக் காப்பு: ஏழு நாளுக்குச் சுமார் 1,400 ஜிபி இடம் தேவை. சனிக்கிழமை நிலையை மீட்க ஒரே ஒரு நகல் போதும்.

ஞாயிறு முழுக் காப்பு, பிற நாள்களில் வேறுபாட்டுக் காப்பு: திங்கள் 2, செவ்வாய் 4 என வளர்ந்து சனியன்று 12 ஆகும். மொத்தம் 242 ஜிபி. மீட்க இரண்டு நகல்கள் தேவை.

ஞாயிறு முழுக் காப்பு, பிற நாள்களில் கூடுதல் காப்பு: 200 ஜிபியுடன் ஆறு முறை 2 ஜிபி சேர்ந்து மொத்தம் 212 ஜிபி. மீட்க ஏழு நகல்களும் தேவை.

இந்த மூன்று வரிகளில் செய்தி முழுதும் அடங்கியுள்ளது. இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் வழி எதுவோ, அதுவே மீட்கும்போது அதிகமான நகல்களைச் சார்ந்திருக்கிறது. கூடுதல் காப்பு ஒரு சங்கிலி. புதன்கிழமைக் கண்ணி பழுதானால் செவ்வாய் வரையிலான நிலையை ஐயமின்றி மீட்கலாம். வியாழன், வெள்ளி, சனிக்குரிய நகல்கள் நல்ல நிலையில் இருந்தாலும், அவற்றைக் கொண்டு அந்த நாள்களின் முழு நிலையை மீட்க முடியும் என்ற உறுதி இல்லை. முதல் கண்ணியே போனால் சங்கிலி முழுதும் போகும்.

மாறியது எது என்று மென்பொருள் எப்படி அறிகிறது?

விண்டோஸ் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அடையாளம் உண்டு. டாஸ் காலத்திலிருந்தே வழங்கி வருவது இது. கோப்பில் ஏதேனும் எழுதப்பட்டால் அந்த அடையாளம் ஏற்றப்படும். முழுக் காப்பும் கூடுதல் காப்பும் கோப்பைப் படியெடுத்த பின் அதனை இறக்கிவிடும். வேறுபாட்டுக் காப்பு இறக்காது. ஆகவேதான் அதே கோப்பை அது மறுநாளும் எடுத்துக்கொள்கிறது. இன்றைய மென்பொருள்கள் பலவும் கோப்பின் அளவையும், கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் தம்முடைய பட்டியலோடு ஒப்பிட்டு மாற்றத்தைக் கண்டறிகின்றன.

இங்குக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. சில கணக்கியல் மென்பொருள்களும் மின்னஞ்சல் மென்பொருள்களும் எல்லாத் தகவலையும் ஒரே பெரிய கோப்பில் வைக்கின்றன. அந்தக் கோப்பு 10 ஜிபி அளவினது என்றால், அதில் ஒரு பில்லைச் சேர்த்தாலும் கோப்பு மாறியதாகவே கருதப்படும். 10 ஜிபி முழுவதும் மீண்டும் படியெடுக்கப்படும். கோப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, மாறிய பகுதியை மட்டும் எடுக்கும் திறன் சில மென்பொருள்களுக்கே உண்டு. உங்கள் கூடுதல் காப்பு எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

கூடுதல் காப்பின் சிறப்பு

சங்கிலியின் குறையை மட்டும் கூறி நிறுத்தினால் அது நியாயமாகாது. கூடுதல் காப்பு உங்களுக்குக் கடந்த காலத்தைத் தருகிறது. திங்களன்று சரியாக இருந்த கணக்குக் கோப்பைச் செவ்வாயன்று தவறுதலாக அழித்து எழுதிவிட்டீர்கள். வெள்ளியன்றுதான் அது தெரிய வருகிறது. ஒரே ஒரு நகலை நாள்தோறும் மேலெழுதி வந்திருந்தால், அந்த நகலிலும் தவறான கோப்பே இருக்கும். கூடுதல் காப்புகள் இருந்தால் திங்கள்கிழமைக்குத் திரும்பிச் செல்லலாம். பாஸ்புக்கில் இன்றைய இருப்பை மட்டுமன்றி எந்த நாளின் இருப்பையும் பார்க்க முடிவது போன்றதே இது.

கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் கருதுவர். கணினியும் இணையச் சேமிப்பும் எப்போதும் ஒரே நிலையில் இருக்குமாறு ஒத்திசைப்பதே அத்தகைய சேவைகளின் முதன்மைப் பணி. இங்கு அழித்தால் அங்கும் அழியும். குப்பைத்தொட்டியில் சிறிது காலம் கிடக்கலாம். பிறகு அதுவும் நீங்கும். ஒத்திசைவு பயனுள்ள வசதியே. ஆனால் அதுவே காப்பு ஆகாது.

புதிய பாஸ்புக் எப்போது தொடங்குவது?

பாஸ்புக் நிரம்பியதும் வங்கியில் புதிய புத்தகம் தருவார்கள். அதன் முதல் வரியில் பழைய புத்தகத்தின் இறுதி இருப்பு முன்கொணரப்பட்டிருக்கும். அதன் பின் இன்றைய இருப்பை அறியப் பழைய புத்தகம் தேவையில்லை. காப்பு நகலிலும் இதே முறைதான். மாதம் ஒரு முறை புதிய முழுக் காப்பு எடுத்தால் அன்று புதிய சங்கிலி தொடங்கும். சங்கிலி குறுகியதாக இருந்தால் அதில் பழுது நேரும் வாய்ப்பும் குறையும். புதிய முழுக் காப்பு நல்லபடியாக முடிந்ததை உறுதி செய்துகொண்ட பின்னரே பழைய சங்கிலியை நீக்க வேண்டும். நீக்கும்போது முழுக் காப்பையும் அதைச் சார்ந்த கூடுதல் காப்புகளையும் ஒன்றாக நீக்க வேண்டும். அப்பணியைக் கையால் செய்யாமல் மென்பொருளிடமே விடுவது நல்லது. எத்தனை சங்கிலிகளை வைத்திருக்க வேண்டும் என்று அமைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. வீட்டுக்கு இரண்டு சங்கிலிகள் போதும்.

எல்லா மென்பொருளும் கோப்புகளை ஒரே விதமாகக் காட்டுவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் தன் கணினிகளில் கொண்டுவந்த ‘டைம் மெஷின்’, முதலில் ஒருமுறை முழுதாகவும் பின்னர் மணிக்கொருமுறை மாறியவற்றை மட்டுமாகவும் படியெடுக்கிறது. ஆனால் திறந்து பார்க்கும்போது ஒவ்வொரு நாளும் முழுப் படி போலவே தோன்றும். விண்டோஸ் 8 முதல் கிடைக்கும் ‘ஃபைல் ஹிஸ்டரி’, உங்கள் ஆவணங்களும் படங்களும் மாறும்தோறும் அவற்றின் பிரதிகளைத் தேதியுடன் சேமிக்கிறது. ஆனால் கணினியை முழுதாகப் படியெடுப்பதில்லை. உங்கள் மென்பொருள் எவ்வகையானது என்பதை முதல் நாளே அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு நகல் போதாது

புகைப்படங்களைக் கணினியில் பேணுவது பற்றி நூல் எழுதிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக், ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்ற எளிய விதியைப் பரப்பினார். எந்தத் தகவலும் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

‘வேறு இடம்’ என்பதன் பொருளை 2015 டிசம்பரில் சென்னை கண்டது. அடையாற்றின் கரையோர வீடுகளில் தரைத்தளம் மூழ்கியபோது கணினியும் அலமாரியும் சேர்ந்தே நீரில் கிடந்தன. 2022 செப்டம்பரில் பெய்த மழையில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகள் பலவற்றிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கணினியின் அருகிலேயே வைத்த காப்பு டிஸ்க், டிஸ்க் பழுதுக்குத்தான் மருந்து. வெள்ளத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் அன்று. முழுக் காப்பு ஒன்றை இரண்டாவது டிஸ்க்கில் எடுத்து, உறவினர் வீட்டிலோ வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்திலோ வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். வெளியிடத்தில் வைக்க முழுக் காப்பே ஏற்றது. அது வேறெதையும் சாராமல் தனித்து நிற்கும்.

2017 மே மாதம் ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அத்தகைய தீநிரல், இணைப்பில் உள்ள வெளி டிஸ்க்கையும் பூட்டிவிடும். ஆகவே நாள்தோறும் பயன்படும் டிஸ்க் எப்படி இருந்தாலும், இரண்டாவது டிஸ்க் படியெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இணைப்பின்றி இருக்க வேண்டும்.

மீட்டுப் பார்த்தால்தான் காப்பு

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அந்நிறுவனம் காப்புக்குப் பல வழிகளை வைத்திருந்தது. தேவைப்பட்ட அன்றுதான், அவற்றுள் சில நெடுநாளாக இயங்கவே இல்லை என்பது தெரிய வந்தது. நாள்தோறும் நகல் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு படி கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தகவல்கள் போயின. நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனம் வெளியிட்டதால் உலகம் பாடம் கற்றது. தொழிலாகவே இதைச் செய்வோருக்கும் இது நேரும் என்றால், வீட்டில் நாம் ‘காப்பு முடிந்தது’ என்ற பச்சை அடையாளத்தை மட்டும் நம்பலாகாது.

சோதனை எளியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பழைய புகைப்படத்தையும் சென்ற வாரம் திருத்திய ஒரு கணக்குக் கோப்பையும் காப்பிலிருந்து ஒரு புதிய கோப்புறைக்கு மீட்டு, திறந்து பாருங்கள். முதலாவது முழுக் காப்பைச் சோதிக்கும். இரண்டாவது சங்கிலியைச் சோதிக்கும். பத்து நிமிட வேலைதான்.

இன்னொன்று: ஆதார், பான் ஆகியவற்றின் படிகளும் வங்கி அறிக்கைகளும் காப்பு டிஸ்க்கில் இருப்பதால், அதைக் கடவுச்சொல் கொண்டு மறையாக்கம் செய்வது நன்று. அக்கடவுச்சொல்லை மறந்தால் நகலைத் திறக்க வழியில்லை; ஆகவே அதைத் தாளில் எழுதி டிஸ்க்கிலிருந்து வேறான பத்திரமான இடத்தில் வையுங்கள். வங்கி பின் எண்ணையும் இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் எந்தக் கோப்பிலும் எழுதிவைக்காதீர்கள்.

நினைவில் கொள்ள

1. மாதம் ஒரு முழுக் காப்பு. நாள்தோறும் கூடுதல் காப்பு.
2. இடம் போதாதபோது, பெரிய பழைய கோப்பு என்று கருதி முழுக் காப்பைத் தனியே அழிக்கலாகாது.
3. தனித்த முழுக் காப்பு ஒன்று வீட்டுக்கு வெளியே, இணைப்பின்றி இருக்கட்டும்.
4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பாருங்கள்.
5. வீட்டில் இருவருக்கேனும் இம்முறை தெரிந்திருக்கட்டும்.

பாஸ்புக் உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. உங்கள் பாஸ்புக் தொலைந்தால் வங்கிக் கிளைக்கு வந்து விண்ணப்பித்து வேறொன்று பெறலாம். ஏனெனில் கணக்கின் மூலப் பதிவு எங்களிடம் இருக்கிறது. இழந்த வங்கி அறிக்கையை வங்கியும், வரிப் படிவத்தைத் துறையும் மீண்டும் தரும். தாத்தாவின் குரலுக்கு அப்படி ஒரு கிளை எங்கும் இல்லை. அதன் மூலப் பதிவேடு உங்கள் வீட்டில் உள்ளது. அதைப் பேணும் பொறுப்பும் உங்களுடையதே.